குப்புறப் படுக்க வைத்து ஆபரேஷன்: கண்ணைப் பற்றி யாராவது சொன்னார்களா?

கொஞ்சம் நீளமான இழை. முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்திருப்பவர்களும், வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

முதுகுத்தண்டு ஆபரேஷன் என்றதும் எங்களிடம் வரும் முதல் கேள்வி, "கால் விளங்காமப் போயிடுமா டாக்டர்?" இரண்டாவது, "மயக்கம் நல்லாத் தெளிஞ்சிடும்ல?" மூன்றாவது, "எவ்ளோ ஆகும்?" (சில வீடுகளில் இதுதான் முதல்.) நான் மயக்க மருந்து டாக்டர். இத்தனை வருஷத்தில் "கண்ணுக்கு ஏதாவது ஆகுமா?" என்று தானாகக் கேட்ட ஒரு பேஷண்டைக்கூட நான் பார்த்ததில்லை. கேட்க மாட்டார்கள்தான். முதுகில் கத்தி வைப்பதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. குப்புறப் படுக்க வைத்துப் பல மணி நேரம் நடக்கும் ஆபரேஷன் முடிந்து எழுந்த ஒருவருக்கு, மிக மிக அரிதாக, பார்வை போயிருக்கும். ஒரு கண்ணிலோ இரண்டு கண்ணிலுமோ. முதுகு நன்றாக இருக்கும், கால் அசையும், கண் தெரியாது. பெரும்பாலும் அது திரும்பி வருவதில்லை.

எவ்வளவு அரிது? அமெரிக்காவில் தேசிய அளவிலான மருத்துவமனைப் பதிவுகளை அலசி 2009-ல் வெளிவந்த கட்டுரை, முதுகுத்தண்டு எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன்களில் 10,000 பேரில் சுமார் 3 பேர் என்றது. இதய ஆபரேஷனில் இதைவிட அதிகம், 10,000-க்கு 8-க்கு மேல். (அது குப்புறப் படுத்துச் செய்வது அல்ல. அதன் காரணங்கள் வேறு, இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

"10,000-ல் 3 தானே, இதைப் போய்ச் சொல்லி ஏன் ஜனங்களைப் பயமுறுத்துறீங்க?" என்று என் சக டாக்டர்கள் சிலரே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த இழை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைத்துச் செய்யும் ஆபரேஷனுக்கு முன்னால், கண்ணைப் பற்றி வாயைத் திறந்து சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் கண் அழுத்தத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மேஜையில் ஏற்றுவதும் கடமைதான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கண்ணுக்குள் நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. (அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது உள்ளே இருப்பது.) சுரக்கும் நீர், கருவிழியும் கருந்திரையும் சேரும் மூலையில் இருக்கும் சல்லடை வழியாக வடிந்து சிரைகளுக்குப் போய் ரத்தத்தில் கலக்கிறது. குழாயில் வருவதும் சிங்க்கில் வடிவதும் சமமாக இருக்கும்வரை கண்ணுக்குள் அழுத்தம் ஒரே அளவில் நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு இது 10 முதல் 21 மி.மீ. பாதரசத்துக்குள்.

இப்போது ஆளைக் குப்புறப் போடுங்கள். தலை இதயத்தின் மட்டத்துக்கோ அதற்கும் கீழேயோ வருகிறது. வயிறு அழுந்தினால் அதன் அழுத்தம் பெரிய சிரைகளுக்குப் போய், அங்கிருந்து மார்பு, கழுத்து, முகம் என்று மேலே ஏறுகிறது. கண்ணிலிருந்து வடிய வேண்டிய சிரையிலேயே அழுத்தம் கூடினால் நீர் எங்கே வடியும்? சாக்கடை நிரம்பினால் வீட்டு பாத்ரூமில் தண்ணி நிற்குமே, அதே கதை. கூடவே, விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தக் குழாய்ப் படலமும் ரத்தம் தேங்கி உப்புகிறது. கண் ஒரு மூடிய பந்து, விரிய இடம் கிடையாது. உள்ளே எது கூடினாலும் அழுத்தம்தான் ஏறும்.

இது ஊகம் அல்ல, அளந்து பார்த்திருக்கிறார்கள். 2001-ல் அனஸ்தீசியாலஜி இதழில் வந்த ஆய்வு. முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு வந்த 20 பேர். மயக்கம் கொடுக்கும் முன் கண் அழுத்தம் சராசரி 19. மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுத்திருக்கும்போது 13 (மயக்க மருந்துகள் பெரும்பாலும் கண் அழுத்தத்தைக் குறைக்கும், அது நல்லதுதான்). குப்புறத் திருப்பியதும் 27. ஆபரேஷன் முடியும் நேரத்தில், அதாவது சராசரியாக ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் குப்புறக் கிடந்தபின், 40.

40 என்பது என்ன என்று கண் டாக்டரைக் கேளுங்கள். புறநோயாளியாக ஒருவர் 40-உடன் வந்தால் அவரைச் சும்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அன்றைக்கே மருந்து.

இந்த 20 பேரின் கண்ணையும் யாரும் அழுத்தவில்லை. வெறும் படுக்கை நிலையும் நேரமும் செய்த வேலை இது.

அழுத்தம் ஏறினால் என்ன? பார்வை நரம்புக்கும் விழித்திரைக்கும் ரத்தம் உள்ளே போக வேண்டும். உள்ளே தள்ளுவது ரத்த அழுத்தம். எதிர்த்து நிற்பது கண் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரத்தம் போவதற்கான விசை. தோராயக் கணக்கு: சாதாரணமாக நமக்குச் சராசரி ரத்த அழுத்தம் 90, கண் அழுத்தம் 15 என்றால் மிச்சம் 75. ஆபரேஷனில் ரத்தப்போக்கு குறையட்டும் என்று ரத்த அழுத்தத்தை 65-க்கு இறக்கி வைத்திருக்கிறோம், கண் அழுத்தம் 40 என்றால் மிச்சம் 25. மூன்றில் ஒரு பங்கு. அதோடு இரண்டு லிட்டர் ரத்தம் போய் ஹீமோகுளோபினும் இறங்கியிருந்தால், போகிற கொஞ்ச ரத்தத்திலும் ஆக்ஸிஜன் குறைவு.

இங்கே ஒரு நேர்மையான இடைவெட்டு. "அழுத்தம் 40 ஆச்சு, அதனால கண் போச்சு" என்று நேர்கோடு போட முடியாது. குப்புறக் கிடக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் அழுத்தம் ஏறுகிறது. அதில் கிட்டத்தட்ட எல்லோரும் நல்ல பார்வையோடுதான் எழுந்திருக்கிறார்கள். கண் அழுத்தம் என்பது, தலைப்பக்கம் மொத்தமாக ரத்தம் தேங்கி நிற்கிறது என்பதைக் காட்டும் மீட்டர் மாதிரி. பாதிப்பு பெரும்பாலும் நடப்பது கண்பந்துக்கும் பின்னால், பார்வை நரம்பு எலும்புக் குழிக்குள் ஓடும் இடத்தில். அங்கே நரம்புக்கு ரத்தம் கொடுப்பது மெல்லிய சின்னச் சின்னக் குழாய்கள். நரம்பு நீர்கோர்த்து வீங்கினால் அவைதான் முதலில் நசுங்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பார்வை போனதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பய கண்ணை அழுத்துனான்?"

அழுத்தியதால் பார்வை போவது உண்டு, மறுக்கவில்லை. 1954-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹோலன்ஹார்ஸ்ட் என்ற கண் மருத்துவரும் சகாக்களும் இதைப் பதிவு செய்துவிட்டார்கள். நரம்பியல் ஆபரேஷனுக்குப் பின் ஒரு கண் பார்வை போன எட்டுப் பேர். தலையைத் தாங்கும் பிடி கண்ணை அழுத்தியிருந்தது, ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. விழித்திரைக்குப் போகும் முக்கியமான ரத்தக் குழாய் அடைபட்டால் அதற்கு இருக்கும் நேரம் கொஞ்சம்தான். குரங்குகளில் செய்த ஆய்வுகளில் சுமார் 100 நிமிடம் வரை தாங்கியது, நான்கு மணி நேரத்தில் மீளாத சேதம். இந்த வகை பெரும்பாலும் ஒரே கண்ணில் வரும். இமை வீக்கம், சிராய்ப்பு என்று வெளியே அடையாளமும் இருக்கும். இது தடுக்கக்கூடியது. நடந்தால் நாங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் பெரும்பாலான கேஸ்கள் இது இல்லை. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 1999-ல் ஆபரேஷனுக்குப் பின் பார்வை போனவர்களுக்கென்றே ஒரு பதிவேடு தொடங்கியது. 2006-ல் அதிலிருந்து முதுகுத்தண்டு ஆபரேஷன் கேஸ்கள் 93-ஐ அலசினார்கள். 83 பேருக்குப் பார்வை நரம்பே ரத்தமில்லாமல் பாதிக்கப்பட்டிருந்தது. விழித்திரைக் குழாய் அடைப்பு 10 பேருக்குத்தான். அந்த 83 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டு கண்ணும். மிக முக்கியமான விஷயம்: அவர்களில் 16 பேருக்குத் தலையை மேஃபீல்டு என்ற முள் கிளாம்ப்பில் மாட்டியிருந்தார்கள். மண்டையோட்டில் பிடிக்கிற கிளாம்ப் அது, முகம் அந்தரத்தில் இருக்கும். கண்ணைத் தொட ஒன்றுமே இல்லை. அப்படியும் பார்வை போயிருந்தது.

அதே 83 பேரில் 94 சதவீதம் பேருக்கு மயக்கம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ. 82 சதவீதம் பேருக்கு ரத்தப்போக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிடுகின்றன.

2012-ல் இன்னும் சரியான ஒப்பீடு வந்தது. பார்வை நரம்பு பாதிக்கப்பட்ட 80 பேரை, அதே மாதிரி ஆபரேஷன் செய்துகொண்டு நலமாக இருக்கும் 315 பேரோடு வைத்துப் பார்த்தார்கள். தனித்து நின்ற காரணங்கள்: ஆணாக இருப்பது, உடல் பருமன், மயக்க நேரம், ரத்தப்போக்கு, கொடுத்த திரவத்தில் கொலாய்டு வகை குறைவாக இருந்தது, பிறகு வில்சன் ஃப்ரேம். இந்த ஃப்ரேம் முதுகை வில் மாதிரி வளைத்துத் தருகிறது, சர்ஜனுக்கு வசதி. ஆனால் தலை இதயத்துக்குக் கீழே இறங்கிவிடும். பருமன், நேரம், ஃப்ரேம், மூன்றும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன: தலைப்பக்கம் தேங்கும் ரத்தம்.

ஆக "10,000-ல் 3" என்ற எண்ணை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கக் கூடாது. ஒன்றரை மணி நேர டிஸ்க் ஆபரேஷனுக்கு வரும் ஒல்லியான பெண்ணுக்கும், எட்டு மணி நேரம் முதுகு வளைவை நிமிர்த்தப்போகும் 110 கிலோ ஆளுக்கும் ஒரே சராசரியைச் சொல்லி "ரொம்ப ரேர்ங்க" என்று கடந்துபோவது கணக்கே இல்லை. முன்னவருக்கு அது ஏறக்குறைய இல்லாத ஆபத்து. பின்னவருக்கு உட்கார்ந்து பேச வேண்டிய ஆபத்து.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். மேலே சொன்ன அமெரிக்கக் கணக்குகளில் இது அதிகம் வராது.

கண்ணில் நீர் வடியும் மூலை சிலருக்குப் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். ஆசியர்களில் இது அதிகம். இவர்கள் குப்புறப் படுத்தால் கண்ணின் லென்ஸ் லேசாக முன்னால் நகர்ந்து, ஏற்கெனவே குறுகலான மூலை மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம். அழுத்தம் சர்ரென்று ஏறும். கண் மருத்துவத்தில் பழைய சோதனை ஒன்று உண்டு: பேஷண்டை இருட்டு அறையில் ஒரு மணி நேரம் குப்புறப் படுக்க வைத்து, முன்னும் பின்னும் கண் அழுத்தத்தை அளப்பார்கள். 8-க்கு மேல் ஏறினால் மூலை அடைக்கும் கண் என்று அர்த்தம். யோசித்துப் பாருங்கள். இந்த நோயை வேண்டுமென்றே தூண்டிப் பார்க்க அவர்கள் ஒரு மணி நேரம் செய்ததைத்தான் நாம் ஆபரேஷன் தியேட்டரில் ஆறு மணி நேரம் செய்கிறோம். கண்ணும் மூடி டேப் போட்டு இருட்டில்.

"எனக்கு கிளாக்கோமா எல்லாம் இல்ல டாக்டர்." எப்படித் தெரியும்? மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை செய்த விரிவான கணக்கெடுப்பில், திறந்த கோண கிளாக்கோமா இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுவரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாதவர்கள். வலி இல்லை, சிவப்பு இல்லை, ஓரப் பார்வை மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். ஆக எங்கள் படிவத்தில் "கிளாக்கோமா உண்டா: இல்லை" என்று டிக் அடிப்பதற்குப் பாதி நேரம் அர்த்தமே இல்லை. கேட்டால் இல்லை என்பார்கள். அளந்தால்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னால் இசிஜி எடுக்கிறோம், எக்கோ எடுக்கிறோம், சர்க்கரை, கிரியேட்டினின், ரத்தம் உறையும் நேரம் எல்லாம் பார்க்கிறோம். 40 வயதுக்கு மேற்பட்டவரை ஐந்து மணி நேரம் குப்புறப் போடப்போகிறோம் என்றால், கண் அழுத்தமும் அந்த மூலையும் பார்த்துவர ஒரு தடவை கண் டாக்டரிடம் அனுப்புவதில் என்ன கஷ்டம்? பத்து நிமிட வேலை. பெரிய ஆஸ்பத்திரியில் பக்கத்து மாடி. எல்லா நாட்டு வழிகாட்டியிலும் இது கட்டாயம் என்று இல்லை. அமெரிக்கச் சங்கம்கூட, பார்வை நரம்புப் பாதிப்பு யாருக்கு வரும் என்று முன்கூட்டிக் கண் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது என்ற நிலைப்பாட்டில்தான் இருக்கிறது. அது நரம்புப் பாதிப்புக்குச் சரி. ஆனால் மூலை அடைப்பு கிளாக்கோமா வேறு கதை. அதை முன்னாலேயே பார்க்க முடியும், லேசரில் சின்ன ஓட்டை போட்டுத் தடுக்கவும் முடியும். அது அதிகம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, அது குறைவாக இருக்கிற நாட்டின் வழிகாட்டியை வைத்து முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, சொல்வது பற்றிய சண்டைக்கு வருகிறேன்.

2008-ல் சமீரா கோலி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் டாக்டர்கள் எதையெல்லாம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று விரிவாகச் சொன்னது. சிகிச்சை என்ன, எதற்கு, மாற்று வழி என்ன, கணிசமான ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும். கூடவே, பேஷண்டைப் பயமுறுத்திக் குழப்பித் தேவையான சிகிச்சையையே மறுக்க வைக்கும்படியான தொலைதூர ஆபத்துகளை விளக்க வேண்டியதில்லை என்றும் சொன்னது. என் நண்பர்கள் பிடித்துக்கொள்வது இந்தக் கடைசி வரியைத்தான். "சட்டமே சொல்ல வேண்டாங்குது, அப்புறம் உனக்கென்ன?"

சட்டம் வேண்டாம் என்று தடுக்கவில்லை, கட்டாயம் இல்லை என்றுதான் சொல்கிறது. பிரிட்டனில் 2015-ல் மாண்ட்கோமரி வழக்கில் அவர்கள் உச்ச நீதிமன்றம் வேறு அளவுகோல் வைத்தது: அந்தப் பேஷண்டின் இடத்தில் இருக்கும் ஒரு சாதாரண ஆள் அந்த ஆபத்தை முக்கியம் என்று நினைப்பாரா? நினைப்பார் என்றால் சொல்லு. கண் பார்வையை முக்கியம் இல்லை என்று நினைக்கும் ஆள் யார்?

இன்னொன்று. ஆரோக்கியமான ஆளுக்கு மயக்க மருந்தால் மட்டுமே உயிர் போவது ஒரு லட்சத்தில் ஒன்று என்ற அளவில் சொல்லப்படுகிறது. அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்க எங்களுக்குத் தயக்கமே இல்லை. அச்சடித்தே வைத்திருக்கிறோம். அதைவிட அதிகம் நடக்கும் ஒன்றைச் சொல்ல மட்டும் "பயந்துடுவாங்க" என்கிறோம். பயப்படுவது அவர்களா, நாமா?

அவர்கள் அவ்வளவு பயப்படுவதில்லை என்பது என் அனுபவம். ஐம்பது தாண்டிய ஒரு தையல்கார அம்மா. இடுப்பில் நான்கு எலும்புகளை இணைக்க வேண்டும், நீளமான ஆபரேஷன். பத்தடி நடந்தால் உட்கார வேண்டிய நிலைமை. கண் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பத்தாயிரத்துல மூணுன்னா, எங்க ஊர்ல மொத்தமே அவ்ளோ பேர் இருக்க மாட்டாங்க தம்பி" என்றார். அதன் பிறகு கேட்டதுதான் முக்கியம்: "ரெண்டு தடவையாப் பிரிச்சுச் செஞ்சா அது குறையுமா?"

பத்து வருஷம் படித்த எங்களில் பலர் கேட்கத் தயங்கும் கேள்வி அது. நீண்ட ஆபரேஷனை இரண்டு நாளாகப் பிரிப்பதை யோசிக்கலாம் என்றுதான் அமெரிக்கச் சங்கத்தின் அறிவுரையும் சொல்கிறது. அவர் கேட்டதால் சர்ஜனிடம் பேசினோம். பிரிப்பதில் தொற்று, இன்னொரு மயக்கம், இன்னொரு வாரம் படுக்கை என்று வேறு விலை இருக்கிறது. அவருடைய கேஸில் ஒரே தடவையாகச் செய்வது என்றுதான் முடிவானது. ஆனால் அந்த முடிவில் அவரும் உட்கார்ந்திருந்தார். கண் பரிசோதனையும் நடந்தது. இதைத்தான் நான் கேட்கிறேன், வேறொன்றும் பெரிதாக இல்லை.

பிரிப்பது பற்றிப் பேச்செடுத்தால் யாரும் வெளியே சொல்லாத ஒரு தடையும் உண்டு: பில். பேக்கேஜ் என்று ஒரு தொகை பேசியபின், இரண்டாவது நாள் தியேட்டருக்கு யார் காசு கொடுப்பது? காப்பீட்டுக்காரருக்கு எப்படி விளக்குவது? மருத்துவக் காரணத்தால் வேண்டாம் என்றால் சரி. பில் காரணத்தால் அந்தப் பேச்சே எழாமல் போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

தியேட்டருக்குள் எங்கள் வேலை என்ன? மந்திரம் ஒன்றும் இல்லை. வயிறு தொங்கலாக, அழுத்தம் இல்லாமல் இருக்கிற மாதிரி மேஜையும் தலையணையும் வைப்பது. தலை இதயத்தின் மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ, திரும்பாமல் நேராக இருப்பது. ஒரு பக்கம் திருப்பினால் கீழ்ப்பக்கக் கண்ணில் அழுத்தம் இன்னும் கூடும். முடிந்தால் மேஜையையே தலைப்பக்கம் பத்து டிகிரி உயர்த்துவது, இது கண் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று ஆரோக்கியமான ஆட்களிடம் அளந்தே காட்டியிருக்கிறார்கள். கண்ணை மூடி டேப் போடுவது (கருவிழிச் சிராய்ப்புதான் மயக்கத்துக்குப் பின் வரும் கண் தொந்தரவுகளில் சர்வ சாதாரணம்). கண்மேல் எதுவும் படவில்லை என்று அவ்வப்போது குனிந்து பார்த்து, பார்த்த நேரத்தை எழுதி வைப்பது. ரத்த அழுத்தத்தை ரொம்ப இறக்காமல் இருப்பது. "ஃபீல்டு டிரையா இல்ல, பிரஷரை இறக்கு" என்று சர்ஜன் சொன்னால், பருமனும் பிபியும் உள்ள ஆளுக்கு "இதுக்கு மேல இறக்க மாட்டேன் சார்" என்று சொல்லும் துணிச்சலும் இந்தப் பட்டியலில் சேர்த்திதான்.

இதெல்லாம் வீண் போகவில்லை. அமெரிக்காவில் 1998-க்கும் 2012-க்கும் இடையே முதுகுத்தண்டு இணைப்பு ஆபரேஷனில் பார்வை நரம்புப் பாதிப்பு பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. எது காரணம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். சின்னத் துளை ஆபரேஷன்கள் வந்தது ஒரு காரணமாக இருக்கலாம். எல்லோரும் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். கையெழுத்துப் போட்டு ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டுக்குப் போய், நரம்பு நசுங்கிச் சிறுநீர்கூடப் போகாமல் திரும்பி வருவது பத்தாயிரத்தில் மூன்றைவிடப் பல மடங்கு நிஜமான ஆபத்து. சாதாரண டிஸ்க் ஆபரேஷன், குப்புறப் படுக்க வைத்து எடுக்கும் சிறுநீரகக் கல் ஆபரேஷன் எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேர வேலை. கோவிட் காலத்தில் குப்புறப் படுத்த அண்ணன் தம்பிகளும் இப்போது கவலைப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு மூச்சுதான் முக்கியம்.

கேட்க வேண்டியவர்கள் யார்? ஐந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும் என்று சர்ஜன் சொன்னால், ரத்தம் ஏற்ற ரிசர்வ் செய்யச் சொன்னால், எடை அதிகம் என்றால், வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால், கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தால், நீங்கள். மயக்க மருந்து டாக்டர் உங்களைப் பார்க்க வரும்போது (வருவார், வரவில்லை என்றால் வரச் சொல்லிக் கேளுங்கள்) "குப்புறப் படுக்க வைப்பீங்களா, எவ்வளவு நேரம், கண்ணுக்கு என்ன பார்ப்பீங்க?" என்று கேட்டால் போதும். கோபப்பட மாட்டார். கிளாக்கோமா சொட்டு மருந்து இருந்தால் ஆபரேஷன் அன்று காலையிலும் போடலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் போடச் சொல்வோம். "வெறும் வயிறு" என்றதும் சொட்டு மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய.

கடைசியாக, ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபின். முகமும் இமைகளும் உப்பி, ஆளே அடையாளம் தெரியாத மாதிரி இருக்கும். நீண்ட நேரம் குப்புறக் கிடந்தால் இது சகஜம். தலையை உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வடிந்துவிடும். அந்த வீக்கத்தைப் பார்த்து அலற வேண்டாம். ஆனால் அந்த வீக்கத்தாலேயே பேஷண்ட் கண்ணைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்கக் கிடப்பதும், யாரும் பார்வையைச் சோதிக்காமல் விடுவதும் நடக்கிறது. நினைவு தெளிந்ததும் மெதுவாக இமையைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடி, "இது எத்தனை விரல்?" என்று கேளுங்கள். நாங்களும் கேட்போம். நீங்களும் கேட்டால் தப்பில்லை.

தெரியவில்லை, மங்கல், ஒரு பக்கம் கறுப்பு என்றால் "மயக்கம் தெளியல, காலைல பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரமே கண் டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பார்வை நரம்பின் பின்பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் முதல் சில நாட்கள் கருவி வைத்து உள்ளே பார்த்தாலும் நரம்பு நன்றாக இருப்பது போலவே தெரியும், வெளிறிப்போவது வாரங்கள் கழித்துத்தான். "எல்லாம் நார்மல், பயத்துல அப்படிச் சொல்றார்" என்று பேஷண்டையே சந்தேகப்படுவது இந்த இடத்தில்தான். பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த நரம்புப் பாதிப்புக்கு இதுதான் மருந்து என்று நிரூபிக்கப்பட்ட ஒன்று இன்றுவரை இல்லை. ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜனையும் சரியாக வைப்பதுதான் எங்களால் முடிந்தது.

மூலை அடைப்பு அப்படியில்லை, உடனே பிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். ஆனால் அதன் அடையாளங்கள் தலைவலி, வாந்தி, கண் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிவது. முதல் இரண்டும் மயக்கத்துக்குப் பின் யாருக்கும் வரக்கூடியவை. வாந்திக்கு ஊசி போட்டுவிட்டு நர்ஸ் போய்விடுவார். ஆகவே வாந்தியோடு கண்ணும் வலித்தால், சிவந்திருந்தால், அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "சிஸ்டர், வாந்தி மட்டும் இல்ல, கண்ணும் வலிக்குது."